இடது கைச் சர்க்கரை

கிரேன் ஓட்டுநரின் இடது கையில் சர்க்கரை அளக்கும் அந்த வட்ட வில்லையை ஒட்டியவன் அவருடைய மச்சான். செல்போன் கடைக்காரன், மூன்று வீடியோ பார்த்தால் டாக்டராகிவிடுவான்.

"சர்க்கரை எப்ப ஏறுது, எப்ப இறங்குதுன்னு இனிமே அக்கா போன்லயே தெரியும் மாமா."

ரத்தத்துக்குள் உளவாளியைக் குடிவைத்தது போலிருந்தது அவருக்கு. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார். துறைமுகத்தில் உடல் பரிசோதனை வருகிறது. சர்க்கரை அடங்காவிட்டால் கிரேனிலிருந்து இறக்கி, கேட்டில் சீட்டுக் கிழிக்க உட்கார்த்திவிடுவார்கள்.

சாப்பிட்டவுடன் போனில் கோடு செங்குத்தாக ஏறுவதைப் பார்த்தார். நடந்து பார்த்தார், கோடு படுத்தது. சரி, இவ்வளவுதானே என்று தினமும் நடந்தார்.

வினை தூக்கத்தில் வந்தது. ராத்திரி வேலை முடிந்து பகலில் அவர் கண்ணயர்ந்தால் போதும், போன் அலறும். மனைவி சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவருவாள். "ரொம்பக் கீழ போயிடுச்சுங்க! வாயத் திறங்க!" அரைத் தூக்கத்தில் விழுங்குவார். எழுந்து பார்த்தால் கோடு மலையேறியிருக்கும்.

"திருட்டுத்தனமா என்னமோ தின்றீங்க மாமா. அக்கா குடுக்கிற தண்ணிக்கு இவ்வளவு ஏறாது. மெஷின் பொய் சொல்லாது."

"ஆமாடா, கனவுல விருந்துக்குப் போயிட்டு வந்தேன்."

மறுநாளும் அலறல், மறுநாளும் டம்ளர். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். "மொதல்ல விரல்ல குத்திப் பாரு."

குத்தினாள். போனில் ஐம்பத்தெட்டு; விரல் ரத்தத்தில் நூற்று முப்பது.

இடது பக்கமாகவே படுப்பது அவர் வழக்கம். தலையணையின் சுருக்கம் வில்லையைச் சுற்றிப் பதிந்திருந்தது. அவருக்குச் சந்தேகம் தட்டியது. மச்சானைக் கூப்பிட்டு, அவன் கண்ணெதிரே அந்தக் கையை அழுத்திப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் எண் சரியத் தொடங்கியது.

"பாத்தியா? உடம்புல ஒண்ணும் குறையல. கை அமுங்கினா உன் மெஷினுக்கு மூச்சு முட்டுது. அதுக்குத்தான் இத்தனை நாளா எனக்குச் சர்க்கரை ஊத்தினீங்க."

மச்சான் தலையைச் சொறிந்தான். "அப்போ பரிசோதனை அன்னிக்குக் கையை அமுக்கிக்கிட்டே போயிடுங்க மாமா."

"அங்க ரத்தம் எடுப்பாங்கடா மூதேவி. உன் போனையா பாப்பாங்க?"

அன்றிலிருந்து வலது பக்கம் படுத்தார். டம்ளர் அடுக்களையோடு நின்றது. பரிசோதனையில் தேறி மறுபடி கிரேனில் ஏறினார்.

"நம்ம மெஷின் காப்பாத்திடுச்சு பாத்தீங்களா!" என்று மச்சான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான்.

"நடந்தது என் காலுடா," என்றார் அவர். நடக்க வைத்தது அந்தக் கோடுதான் என்பதை அவனிடம் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.