போன கூட்டத்துக் குறிப்பு

சுவர் இடிந்த மூன்றாம் மாதம், 1990 ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, லோயன்பாக்கில் சமூக ஜனநாயகக் கட்சியின் கிளையை மறுபடி தொடங்கினோம். சேவல் விடுதியின் பின்கூடம். பதினேழு பேர். அடுப்பில் நிலக்கரி சரியாகப் பிடிக்கவில்லை. யாரும் கோட்டைக் கழற்றவில்லை. நான் காலுறை ஆலையில் சரக்குப் பட்டியல் எழுதுபவன். அதனால் குறிப்பெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

தலைமை ரோஸ்விதா வெண்ட்லர். பல் மருத்துவமனை உதவியாளர், ஐம்பது வயது. அவருடைய அப்பா ஆர்னோ பழைய கிளையில் இருந்தவர். 1946இல், கம்யூனிஸ்டுகளோடு இணையலாமா என்று சாக்சனி முழுக்கக் கிளைகள் கூடியபோது எங்கள் கிளையும் கூடியது. ஒருமனதாக இணைந்தார்கள் என்று செய்தித்தாளில் வந்தது. அத்தோடு கிளை முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டும் சேர்ந்த ஐக்கியக் கட்சியின் ஆட்சிதான், நாற்பத்து நான்கு வருடம்.

அந்தக் கட்சியில் இருந்த யாரையும் சேர்ப்பதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம். விதியைக் கொண்டுவந்தவர் ரோஸ்விதா.

அப்போது அல்பின் ஹோய்பெல் உள்ளே வந்தார். எண்பத்தொரு வயது. முயல் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். போன இலையுதிர் காலம்வரை சட்டையில் ஐக்கியக் கட்சியின் சின்னம் இருந்தது. கையில் ஒரு துணிப்பை.

"வணக்கம், தோழர்களே."

"பெரியவரே, தோழருங்க எல்லாம் எதிர்த்த கட்டடத்துல," என்றான் பேருந்து ஓட்டுநர் டெட்லெஃப். "முயலுங்க செவ்வாக்கிழமை."

சிரித்தார்கள்.

"தெரியும். ரெண்டுக்கும் போயிருக்கேன்," என்று சொல்லிக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரோஸ்விதா முதல் பொருளை வாசித்தார்: நிர்வாகிகள் தேர்தல். அல்பின் கை தூக்கினார்.

"நிரல்ல ஒரு குறை இருக்கு."

"ஐயா, உங்களைச் சேர்க்க முடியாது. விதி தெரியும்ல?"

"சேத்துக்கோன்னு கேக்கல. முதல்ல போன கூட்டத்துக் குறிப்ப வாசிக்கணும். ஒப்புதல் வாங்கணும்."

"இதுதானே முதல் கூட்டம்?"

"வாசல்ல ஒட்டின தாள்ல '1903 முதல்'னு போட்டிருக்கீங்களே. அப்ப போன கூட்டம் 1946 மார்ச் 24. அந்தக் குறிப்பு இன்னும் ஒப்புதல் ஆகல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் பாட்டுக் குழுவானாலும் தீயணைப்புக் குழுவானாலும், போன கூட்டத்துக் குறிப்புக்கு ஒப்புதல் கிடைக்காமல் பீர்கூடச் சொல்ல மாட்டார்கள்.

பையிலிருந்து நீல நோட்டு ஒன்றை எடுத்தார். அட்டையில் 'முயல் பிறப்புப் பதிவு' என்று இருந்தது.

"இதத் திறந்து பாக்க யாருக்கும் தோணல," என்றார்.

நான் வாசித்தேன். வந்திருந்தோர் அறுபத்து மூவர். மாவட்டத்திலிருந்து வந்தவர் பேசினார். விவாதம் இல்லை. இணைப்புத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செயலாளர், அ. ஹோய்பெல்.

"ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார் ரோஸ்விதா.

"உண்டு," அல்பின் எழுந்தார். "எழுதினது நான்தான். அது பொய். அறுபத்திரெண்டு பேரு ஆதரவு. எதிர்ப்பு ஒண்ணு. ஆர்னோ வெண்ட்லர்."

ரோஸ்விதா நிரலைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்பா சாகிற வரைக்கும் அதத்தான் சொன்னாரு. அம்மா பேப்பர எடுத்துக் காட்டுவா. நானும் சேந்து சிரிச்சிருக்கேன்." அல்பின் பக்கம் திரும்பினார். "ஏன் அப்படி எழுதினீங்க?"

"கூட்டம் முடிஞ்சதும் ரஷ்ய அதிகாரி உள்ள வந்து மேசைகிட்டயே நின்னாரு, குறிப்புக்கு ஒரு நகல் வாங்கிட்டுப் போக. எதிர்ப்பு ஒண்ணுன்னு எழுதினா பேரு கேப்பாங்க. பக்கத்து ஊர்ல அப்படிக் கூட்டிட்டுப் போன ரெண்டு பேரு திரும்பி வரல."

"சரி. அதுக்கப்புறம்?"

"அடுத்த வருஷம் உங்கப்பா என் வீட்டுக்கு வந்தாரு. திருத்துன்னாரு. அடுத்த கூட்டத்துல திருத்தலாம்னேன். அடுத்த கூட்டம் நடக்கல."

"அவரு செத்தது எழுபத்தொண்ணுல. அதுவரைக்கும் ஒரு வார்த்தை, எங்கம்மாகிட்டயாவது?"

"வேலை இருந்துச்சு. வீடு இருந்துச்சு. கட்சி அட்டை இருந்துச்சு. பயமும் இருந்துச்சு. வேற காரணம் ஒண்ணும் கிடையாது."

அடுப்பில் கரி சரிந்தது.

"சரி, திருத்திடலாம்," என்றார் ஆசிரியர் ஒருவர்.

"நீங்க திருத்த முடியாது," என்றார் அல்பின். "அந்தக் கூட்டத்துல இருந்தவங்கதான் கை தூக்கணும். இங்க நான் ஒருத்தன்தான்."

"நீங்க உறுப்பினரே இல்லையே," என்றான் டெட்லெஃப்.

"ஆமா. அதான் சிக்கல்."

எல்லோரும் ரோஸ்விதாவைப் பார்த்தோம். விதியை விட்டுக்கொடுத்தால் அப்பாவின் வாக்கு குறிப்பில் ஏறும். விடாவிட்டால் அவர் ஒருமனதோடு சேர்ந்தவராகவே இருப்பார்.

அல்பின் தம் பழைய உறுப்பினர் புத்தகத்தை மேசையில் வைத்தார். கடைசிச் சந்தா முத்திரை 1946 மார்ச். "நான் விலகறேன்னு எங்கயும் எழுதித் தரல."

"அப்ப அறுபத்து மூணு பேரும் இன்னும் உறுப்பினர்தானா?" என்றான் டெட்லெஃப்.

"செத்தவங்களக் கழிச்சுக்கோ."

ரோஸ்விதா புத்தகத்தைத் தொடவில்லை. "இந்த ஒரு பொருள் முடியற வரைக்கும் இவரு உறுப்பினர். அதுக்கு மேல இல்ல. ஆதரவு?"

பதினாறு கைகள். ரோஸ்விதாவுடையது கடைசியாக எழுந்தது.

"எதிர்ப்பு?"

டெட்லெஃப் கை தூக்கினான். "என் தம்பி ஜெயில்ல இருந்தப்ப இவங்கதான் சின்னம் குத்திட்டுத் திரிஞ்சாங்க. என் பேரப் போட்டு எழுதுங்க."

எழுதினேன். அல்பின் நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"திருத்தத்துக்கு ஆதரவு?" என்றார் ரோஸ்விதா.

ஒரு கை.

பழக்கத்தில் 'ஒருமனதாக' என்று எழுதிவிட்டேன். ரோஸ்விதா எட்டிப் பார்த்தார்.

"அதை அடிச்சிடுங்க. எண்ணிக்கையப் போடுங்க."

ஆதரவு ஒன்று, எதிர்ப்பு இல்லை என்று எழுதினேன்.

அல்பின் தொப்பியை எடுத்துக்கொண்டார். நோட்டையும் புத்தகத்தையும் மேசையிலேயே விட்டார். கதவருகில் போனதும் ரோஸ்விதா கூப்பிட்டார்.

"அப்பா எந்தக் கையத் தூக்கினாரு?"

"இடது," என்றார் அல்பின். "குண்டடி பட்டதுலேர்ந்து வலது கை தோளுக்கு மேல வராதே."

ரோஸ்விதா தலையாட்டினார். அவர் போய்க் கதவு சாத்தும்வரை காத்திருந்தார். பிறகு நிரலைத் திருப்பி, நிர்வாகிகள் தேர்தல் என்று வாசித்தார்.