வெயில் வந்த காலை

பெய்யக்கூடாத பங்குனி மழை மூன்று நாள் கொட்டித் தீர்த்து, வெயில் சுள்ளென்று அடித்ததும் திருப்புலிவனத்து நெற்களத்தில் எல்லார் முகமும் தெளிந்துவிட்டது. ஏஞ்சலுக்கு இரட்டைச் சந்தோஷம். லடாக் மலையில் ரோட்டுப் பனி வாரப் போயிருக்கும் அவள் புருஷன் டேனியலும், அங்கேயும் வெயில் வந்துவிட்டதாகக் காலையில் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தான்.

ஆனால் அவன் குரலில் சுரத்தே இல்லை. “பழைய பனி கண்ணாடியாட்டம் இறுகிப் போயி கீது ஏஞ்சலு. அதும்மேல புதுசு ஆளுயரத்துக்குக் குந்திகினு கீது. ரெண்டும் ஒட்டல. வெயிலேறுனா சரிஞ்சிடும், யாரும் மலையடிக்குப் போவாதீங்கன்னு ஆபீசர் சொல்றாரு. மேஸ்திரி இன்னான்னா, இந்த வளைவ முடிச்சாதான் லீவுங்கிறாரு. இன்னா பண்ணட்டும்?”

வெயில் வந்தால் கேடு வரும் என்று களத்தில் வளர்ந்தவளிடம் சொன்னால் ஏறுமா? மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு இன்னும் பத்தே நாள். வெள்ளைக் கவுன்கூடத் தைத்து வந்தாயிற்று. அவளும் பேசி அனுப்பினாள்: “மூணு நாளு கழிச்சி ஆண்டவரே வெயிலக் காட்டிகிறாரு. பேஜார் பண்ணிக்கினு நிக்காத. முடிச்சிட்டு வூடு வந்து சேரு.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். தார்ப்பாய் போட்டு மூடிய பழைய குவியல்மேலேயே எந்தப் புண்ணியவானோ புது நெல்லைக் கொட்டி வைத்திருந்தான். கூட வேலை செய்யும் மார்த்தாள் அடியில் நின்று கூடையில் வாரினாள். நாலாவது கூடைதான். தார்ப்பாய்மேல் இருந்த நெல் முழுக்கச் சத்தமே இல்லாமல் வழுக்கி இறங்கி, மார்த்தாளை இடுப்புவரை மூடிவிட்டது.

“அய்ய, யாராச்சும் தூக்குங்கடி” என்றாள் மார்த்தாள். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஏஞ்சலுக்குச் சிரிப்பு வரவில்லை. நெல் போன இடத்தில் தார்ப்பாய் துடைத்துவிட்டாற்போல் பளபளத்தது. அடிப்பாவி, நானே போகச் சொன்னேனே என்று மனசு அடித்துக்கொண்டது. போனை உருவி டேனியலைக் கூப்பிட்டாள். இந்தியில் ஒரு பெண் ஏதோ சொன்னாள். மறுபடியும் அவளேதான்.

“போவாத. லீவு வேணாம். ஒண்ணும் வேணாம், போவாத” என்று பேசி அனுப்பினாள்.

காலையில் அனுப்பியதை அவன் கேட்டுவிட்டான். நீலக்கோடு இரண்டும் இருந்தன. இப்போது அனுப்பியதற்கு, போய்ச் சேராத ஒற்றைக்கோடு. வெயிலில் திரை மங்கலாகத் தெரிந்தது. முந்தானையால் நிழல் கட்டி அந்த ஒற்றைக்கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வெயிலு நல்லா ஏறட்டும், சாய்ந்தரத்துக்குள்ள காஞ்சிடும்” என்றபடி மார்த்தாள் காலில் ஒட்டிய நெல்லை உதறினாள்.