அப்பாதுரையின் இரண்டாவது சாவு

"மீசையில கைய வெச்சே, அந்தக் கத்தி எங்க போய் விழும்னு எனக்கே தெரியாது," என்றார் முனிசாமி.

ஆதிகேசவன் சவரக் கத்தியைத் தாழ்த்தினார். தலையை வழித்தாயிற்று. கன்னத்தையும் வழித்தாயிற்று. மேலுதட்டுக்கு வந்ததும் முனிசாமி பலகையிலிருந்து எழுந்துவிட்டார். வீட்டுக்குள்ளே ஐஸ் பெட்டியில் அவருடைய அண்ணன், எழுத்தாளர் அப்பாதுரை, செத்துக் கிடந்தார். கிடப்பதாகச் சொன்னார்கள். முனிசாமி கூரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, பார்த்தும்விட்டார். ஆனாலும் நம்பிக்கை பிறக்கவில்லை.

"கொள்ளி வெக்கிறவரு மீசையோட போவக் கூடாதுபா."

"வெக்கிறேன். மொதல்ல அவரு செத்திருக்கணும் இல்ல?"

நியாயமான கேள்விதான். மூன்று வருஷத்துக்கு முன்பு, இதே போல ஓர் ஐப்பசியில், அப்பாதுரை ஒரு தடவை செத்திருந்தார். போன் வந்ததும் முனிசாமி கூரத்தில் பஸ் ஏறி, இங்கே வந்து இறங்கி, நேரம் மிச்சமாகட்டும் என்று வழியிலிருந்த சலூனிலேயே தலையையும் மீசையையும் கொடுத்துவிட்டு, சின்ன காஞ்சிபுரம் முழுக்கக் கேட்கும்படி அழுதுகொண்டு வந்து சேர்ந்தார். மாலையும் கழுத்துமாக நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பாதுரை ஒரு கண்ணை மட்டும் திறந்து, "மீசைய எங்கடா விட்டுட்டு வந்தே?" என்றார். தன் சாவுக்கு யார் எப்படி அழுகிறார்கள் என்று தெரிந்தால்தான் ஒரு கதை முடியுமாம்.

சாதாரண மீசையாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். கூரத்தில் வெயில் நாளில் அந்த மீசையின் நிழலில் ஒரு கன்றுக்குட்டி படுத்துக்கிடந்ததை அப்பாதுரையே எழுதியிருக்கிறார். திரும்ப முளைத்த மீசைக்கு அந்தக் கம்பீரம் வரவில்லை. இடது பக்கம் மட்டும் யாரிடமோ கோபித்துக்கொண்டதுபோலக் கீழே பார்த்தது.

"போய்த் தொட்டுப் பாத்துட்டு வாயேன்யா, பயித்தியக்கார மனுசா," என்றாள் முனிசாமியின் மனைவி கிருஷ்ணவேணி.

"தொட்டேன். சில்லுனு இருக்குது. அந்தப் பொட்டியில ஒன்னப் படுக்க வெச்சாலும் சில்லுனுதான் இருப்பே."

"டாக்டரே சொல்லிட்டாரு."

"எந்த டாக்டரு? சாயங்காலமானா இவருகூட உக்காந்து டீ குடிச்சிக்கினு, கதை கேட்டுக் கெக்கேபிக்கேன்னு சிரிப்பாரே, அவருதான? போன தடவ மாலைய வாங்கியாந்ததே அந்த ஆளுதான்."

வந்திருந்தவர்கள் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். தப்பு அடிக்க வந்தவர்கள் தோலைக் காய்ச்ச மூட்டிய நெருப்பு, பிணத்தை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் புகைந்தது.

முனிசாமியின் சந்தேகத்துக்கு வலுவான காரணம் வேறொன்று இருந்தது. அப்பாதுரை ஐப்பசியில் மட்டும்தான் எழுதுவார். அடைமழையில் நூலில் ஈரம் ஏறித் தறிகள் நின்றுவிடும். கதை கேட்க ஊருக்கே நேரமிருக்கும். போன வாரம் புதிதாக எழுதியதை போனில் படித்துக் காட்டினார்.

"எல்லாரும் ஒரு வரிசையில நின்னாங்க. கல்யாணம், வேலை, வீடு, கோயில், எல்லாத்துக்கும் அதே வரிசைதான். நான் மட்டும் பக்கத்தால நடந்துட்டேன். போயி எட்டிப் பாத்தா, முன்னாடி ஒண்ணுமே இல்ல. அவனவனுக்கு முன்னாடி ஒருத்தன் முதுகு, அவ்வளவுதான். ஒரே வருத்தம், பேச்சுத் துணைக்கு ஆளெல்லாம் வரிசையிலதான் இருந்தாங்க. எப்படிடா?"

"நல்லா இருக்குது," என்றார் முனிசாமி, இதை எதற்கு இப்போது படிக்கிறார் என்ற யோசனையோடு.

"சரி. கொஞ்ச நாளு அத்திவரதர் மாதிரி படுத்து எழுந்துக்கலாம்னு பாக்கிறேன்," என்று போனை வைத்தவர்தான். அதன் பிறகு சாவுச் செய்தி. எந்த மனிதன் நம்புவான்?

எஸ்தர் வாசலுக்கு வந்தாள். பட்டுப் புடவைக்குக் குஞ்சம் கட்டிக் கட்டி விரல் நுனிகள் வழவழத்துப்போனவள். அப்பாதுரையோடு முப்பது வருஷம் இருந்தாள். தாலி இல்லை, மோதிரம் இல்லை. அவள் சர்ச்சுக்குப் போவாள். இவர் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எந்த முறை சொல்லி அழைப்பது என்று விளங்காததால் முனிசாமிக்கு அவள் இத்தனை காலமும் 'இந்தாம்மா'தான்.

"மழை விட்டிருக்குது தம்பி. இப்ப எடுத்தாத்தான் ஆச்சு," என்றாள். "ஒனக்கு மனசில்லன்னா சொல்லிடு. நானே கொள்ளி வெக்கிறேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. முனிசாமி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். போன தடவை இதே முகம் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையைக் கடித்துச் சிரித்தது. இன்று அதில் எதுவும் தெரியவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் இரு," என்று உள்ளே போனார்.

பெட்டியின் கண்ணாடியில், அண்ணனின் வாய்க்கு நேராக, பனி படிந்திருந்தது. முனிசாமி அவசரமாகக் கையை நீட்டினார். விரலால் துடைத்தார். பனி விரலோடு வந்தது; வெளிப்பக்கம். குனிந்து பார்த்தபோது பட்ட அவருடைய மூச்சுதான்.

கடைசியாக ஒரு வழி இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தான் சொன்ன கதையை இன்னொருவர் மாற்றிச் சொன்னால் அப்பாதுரைக்குப் பொறுக்காது. கக்கூஸில் இருந்தாலும் அங்கிருந்தே திருத்துவார்.

"ஒரு ஐப்பசியில," என்று ஆரம்பித்தார் முனிசாமி, "தறிக்குழியில தண்ணி பூந்துடுச்சு. நெய்யிறவரு எழுந்து போயிட்டாரு. குழியில ஒரு கெளுத்தி மீனு வந்துது."

ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"கெளுத்தி மீனு," என்று அழுத்திச் சொன்னார். "அது வாலால மிதிபலகைய மிதிச்சுது. ராத்திரியெல்லாம் தறி ஓடுச்சு. காலையில பாத்தா முழுப் புடவை. நீலக் கலரு."

அரக்கு. அண்ணன் கதையில் அரக்கு நிறம் என்பது கூரத்துக்கே தெரியும். முனிசாமி காத்திருந்தார். மூடிய இமைகளில் ஒரு முடிகூட அசையவில்லை.

"புடவைய ஒரு பொண்ணு கட்டிக்கினு வெளிய போச்சு. மழை பேஞ்சுது. புடவைக் கரையில நெஞ்சிருந்த மீனெல்லாம் இறங்கி..." அவர் குரலைத் தாழ்த்தி, பெட்டியோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். "இறங்கி எங்கியும் போவல. அங்கியே செத்துப்போச்சு. அவ்வளவுதான் கதை. இது நான் கட்டின கதை. ஒங்கிது இல்ல."

இதற்கு மேல் ஒரு மனிதனை அவமானப்படுத்த முடியாது. கண்ணாடியில் திரும்பவும் பனி படிந்தது. முனிசாமி அதைத் துடைக்கவில்லை.

"வெராலு," என்றது ஒரு குரல்.

எஸ்தர் கதவோரம் நின்றிருந்தாள்.

"கெளுத்தி இல்ல தம்பி. வெராலு. புடவை அரக்கு. மீனெல்லாம் தெருத் தண்ணியில நீந்தி ஏரிக்குப் போயிடும்."

முனிசாமி முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஆமா அண்ணி," என்றார். "வெராலுதான்."

வாசலில் பலகை அப்படியே கிடந்தது. உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் காட்டினார். ஆதிகேசவன் கிருஷ்ணவேணியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கத்தி இரண்டே இழுப்பில் வேலையை முடித்தது. மேலுதட்டில் ஈரக் காற்று பட்டது.

மயிர்க்கற்றை காலடியில் ஓடிய மழைத் தண்ணீரில் விழுந்து, நெளிந்து, சாக்கடைப் பக்கமாக நகர்ந்தது. "தலைய நிமித்துபா," என்றார் ஆதிகேசவன். முனிசாமி நிமிரவில்லை. அது ஏரிப் பக்கமாகத் திரும்புகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.