அடிபட்ட ஷட்டர்

திருப்புளியின் நுனி வளைந்துவிட்டது. சின்னவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, "ச்சே" என்று தரையில் வீசினார். வீசிய வேகத்திலேயே குனிந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பட்டறைச் சாமான் தரையில் கிடந்தால் அண்ணன் கத்துவார். இனி யார் கத்தப்போகிறார்கள்? விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தவர், அண்ணி தண்ணீர் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். பின்னறையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள்.

பட்டறை முன்னால், வீடு பின்னால். தெருவுக்குப் போக இரண்டே வழி. ஒன்று இந்த ஷட்டர். இன்னொன்று பக்கச் சந்து. ஆள் ஒருக்களித்துப் போகலாம், ஸ்ட்ரெச்சர் திரும்பாது. முந்தாநாள் ஒரு லாரிக்காரன் பின்பக்கமாக வந்து, ஷட்டர் ஏறி இறங்கும் இரும்புச் சேனலில் மோதி, அதன் திறந்த பக்கத்து இரண்டு உதடுகளையும் ஒன்றோடொன்று நசுக்கிவிட்டுப் போயிருந்தான். நடுவில் மாட்டிய ஷட்டர் ஒரு விரல்கூட மேலே ஏறவில்லை. "ஞாயித்துக்கிழமை நிதானமா பாத்துக்கலாம்டா" என்றார் அண்ணன். நிதானமாம் நிதானம்! நினைக்க நினைக்கச் சின்னவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அமரர் ஊர்தி டிரைவர் சந்து வழியாக மறுபடியும் எட்டிப்பார்த்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஒரு நாற்காலியில உக்கார வெச்சு, துணியால கட்டி, இப்படியே தூக்கிட்டுப் போயிடலாம். மாடி வீட்டுல இருந்தெல்லாம் அப்படித்தான் இறக்குவோம்."

"எங்கண்ணன் என்ன மூட்டையா, கட்டித் தூக்கிட்டுப் போறதுக்கு? படுத்துக்கிட்டுத்தான் போவாரு. இந்த வாசல் வழியாத்தான் போவாரு."

"கோவப்படாதீங்கண்ணே. எனக்கு அடுத்த வீட்டுல காத்துக்கிட்டு இருக்காங்க."

"காத்திருக்கட்டும்!"

டிரைவர் தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவரிடம் கத்தியதற்கு உடனே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் எரிச்சலாகத்தான் மாறியது.

சின்னவர் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த கருவிகள் முன்னால் போய் நின்றார். இறுகிப்போன பேரிங்கையும் துருவேறிய புல்லியையும் ஒரு கீறல் விழாமல் பிரித்துக் கொடுப்பதுதான் அண்ணன் தம்பி இருவருக்கும் பிழைப்பு. ஐம்பது வயதைத் தாண்டியும் அவர் ஊருக்குச் சின்னவர்தான். சாமானைக் கொண்டுவருபவர்கள் அண்ணன் கையில்தான் கொடுப்பார்கள். அண்ணன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, எந்தக் கருவி என்று முடிவு செய்வதற்குள் தம்பி ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

பேரிங்கைக் கவ்வி இழுக்கும் புல்லரை எடுத்தார். அதன் கொக்கிகள் பிடிக்க இங்கே விளிம்பே இல்லை. உளி உள்ளே போகும். போனால் உதட்டை அறுத்துவிடும். நெம்புகிற இரண்டு லிவரில் ஒன்று தடிமன், மற்றது ஷட்டர் பட்டையை நசுக்கும். கடைசியில் லாரி ஸ்பிரிங் பட்டையைத் தீட்டி அண்ணனே செய்துவைத்திருந்த மெல்லிய நெம்புக்கம்பியை எடுத்து, நுனியை உதடுகளுக்கு நடுவே செருகி, மெதுவாகச் சுத்தியால் தட்டினார். உதடு நெல்மணி அளவு திறந்தது. கம்பியை எடுத்ததும் சேனல் பழையபடி மூடிக்கொண்டது. மறுபடி தட்டினார். மறுபடி மூடிக்கொண்டது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

"எந்த எழவுக்குடா இவ்வளவு அடம்?" என்று சேனலைப் பார்த்துக் கத்தினார்.

அண்ணியின் அண்ணன் பின்னாலிருந்து வந்தார். பஸ் கண்டக்டர், துக்க வீட்டிலும் ஆட்களை 'உள்ள தள்ளி நில்லுங்க' என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர்.

"மாப்ள, அந்தக் கிரைண்டரை எடுத்து ஒரே இழு இழுத்து அறுத்துட்டா வேலை முடிஞ்சுதே?"

"அறுக்கறதுக்கு நாங்க எதுக்கு மச்சான்? எவன் வேணா அறுப்பான். சேனல் வீணாப் போயிடும்."

"சரி, கடப்பாரையாவது போட்டு நெம்பு." அவர் மூலையிலிருந்த கடப்பாரையைத் தூக்கினார்.

சின்னவர் பாய்ந்து அதைப் பிடுங்கி மூலையில் சாத்தினார். "கோணிக்கும்! பட்டையெல்லாம் கோணிக்கும்! அண்ணன் பாத்தா..."

வாக்கியத்தை முடிக்காமல் மறுபடி கம்பியைச் செருகினார். கண்டக்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்ந்தார்.

எத்தனை முறை தட்டினாரோ, அண்ணி வந்து பக்கத்தில் நிற்பதைக் கவனிக்கவில்லை. அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது.

"தம்பி, இது யார் வீட்டு ஷட்டர்?"

"என்ன அண்ணி கேக்கறீங்க? நம்மளோடதுதான்."

"அப்ப ஒரு கீறல் இல்லாம யாருக்குத் திருப்பிக் குடுக்கப் போறீங்க?"

அவர் கையிலிருந்த சுத்தி அந்தரத்தில் நின்றது.

அவள் மூலைக்குப் போய்க் கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினாள். "ஒடைங்க. அவர் படுத்துக்கிட்டே போகட்டும்."

இது தனக்கே தோன்றவில்லையே என்று சின்னவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. காலையிலிருந்து பார்ட்டிக்காரன் பழுதுபார்க்கக் கொடுத்த சாமான்போல ஷட்டரைத் தாங்கு தாங்கென்று தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கடப்பாரையைச் சுவருக்கும் சேனலுக்கும் நடுவே குத்தி, முழு உடம்பையும் கொடுத்து நெம்பினார். காரை உதிர்ந்தது. ஒரு போல்ட் பிய்த்துக்கொண்டு வந்தது. இன்னொன்று. அடித்தார், நெம்பினார், அடித்தார். வாயிலிருந்து வந்தது அழுகையா வசவா என்று அவருக்கே தெரியவில்லை. சேனல் முழுதாகக் கழன்று விழுந்தபோது கண்டக்டரும் ஓடிவந்து கைகொடுக்க, ஷட்டர் கோணிக்கொண்டு கிறீச்சிட்டபடி மேலே ஏறியது.

வெயில் பட்டறைக்குள் வந்து விழுந்தது. நான்கு பேர் தோள் கொடுக்க, அண்ணன் நேராகப் படுத்தபடி தன் வாசல் வழியாகப் போனார். சின்னவருக்கு அந்த நொடியில் துக்கத்தைவிடப் பெருமைதான் இருந்தது. வண்டிக் கதவைச் சாத்தியதும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது மாலையாகிவிட்டது. ஷட்டரை இறக்கப் பார்த்தார். பாதி வரைகூட வரவில்லை. ஒரு பக்கம் பிடிப்பில்லாமல் தொங்கியது. விட்டுவிட்டு, அதன் கீழேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

தண்ணி மோட்டார் ஒன்றைத் தோளில் சுமந்தபடி ஒருவர் தெருவைக் கடந்து வேகமாக வந்தார்.

"அப்பாடா, திறந்திருக்கீங்க. ரெண்டு நாளா சாத்தியே கிடந்துச்சே! விசிறி இறுகிப் போச்சுங்க. பெரியவர் இருக்காரா?"

சின்னவர் அவரைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

"இல்ல."

"பரவாயில்ல, அவசரம் ஒண்ணுமில்ல. அவர் வந்ததும் குடுங்க." மோட்டாரை வாசலில் இறக்கியவர் சிரித்தார். "நீங்க கை வெச்சுடாதீங்க. கோச்சுக்காதீங்க, உங்களுக்குக் கொஞ்சம் பொறுமை பத்தாது."

"சரி" என்றார் சின்னவர்.

வந்தவர் தெருவைக் கடந்து போய்விட்டார். உள்ளிருந்து எட்டிப்பார்த்த அண்ணி, "யாரு தம்பி?" என்றாள்.

"அண்ணன் வந்ததும் குடுக்கச் சொல்லிட்டுப் போறாரு" என்று சின்னவர் மோட்டாரைக் காட்டினார். அவள் வாசலில் இருந்த மோட்டாரைப் பார்த்தாள். பிறகு வந்து, குனிந்து, மழை வந்தால் நனையாத இடத்துக்கு அதை நகர்த்தி வைத்தாள்.