நிறுத்த விரும்பினால்

செத்துப்போன மனிதரின் போனுக்கு எதற்குச் சார்ஜ் என்று யாரும் கேட்கவில்லை. தேவாலயத்தின் அடித்தளத்துச் சமையலறையில், பெரிய காபிப் பாத்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் அப்பாவின் போனைச் செருகினாள் லினெட். காபி ஆறினால் ஆறட்டும். அப்பாவோடு இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடாவில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். விஷயம் தெரியாமல் யாராவது கூப்பிட்டால் எடுத்துச் சொல்ல வேண்டுமே, அதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையிலிருந்து அது ஒருமுறைகூடச் சிணுங்கவில்லை.

மேலே பிரார்த்தனை முடிந்திருந்தது. அடக்கம் இப்போது கிடையாது. மினசோட்டாவின் வடக்கு மூலையில் ஜனவரி மாதத்தில் மண்வெட்டி மண்ணில் இறங்காது. அப்பா ரேனோ லாத்தியின் சவப்பெட்டி பனி உருகும்வரை கல்லறைத் தோட்டத்து அறையில் காத்திருக்க வேண்டியதுதான். வந்தவர்கள் கீழே இறங்கி, ஹாம் வைத்த பன்னும் வால்நட் ரொட்டியும் எடுத்துக்கொண்டு நீள மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். உருளைக்கிழங்கு பரப்பி வேகவைத்த ஹாட்டிஷ் தட்டு எல்லா மேசைகளையும் சுற்றி வந்தது, ஓரத்து மேசையைத் தவிர. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் டயாலிசிஸ் ஆட்கள். சிறுநீரகம் ஓய்ந்துபோனவர்களுக்கு உருளைக்கிழங்கும் ஆகாது, ஆரஞ்சும் ஆகாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் நேராக இதயத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

அந்த மேசையில் இருந்த எல்லாரையும் லினெட்டுக்குத் தெரியும். ஊரிலுள்ள டயாலிசிஸ் மையத்தில் அவளுக்கு ஆபீஸ் வேலை. நோயாளிகளுக்கும் நர்சுகளுக்கும் ஒரே நேரத்தில் போகிற மெசேஜ்களை எழுதி அனுப்புவது அவள்தான். யாருக்கு எப்போது முறை, தண்ணீர்க் குழாய் ரிப்பேர், பனிப்புயல், பார்க்கிங்கில் வழுக்குகிறது, எல்லாம் அவள் கையால்தான் போகும்.

"எம்பொண்ணு ஒரு விரல வெச்சா ஊரே கிணுகிணுங்குது" என்பார் ரேனோ. அதில் கொஞ்சம் கேலி, நிறையப் பெருமை.

அந்த அப்பா மீது அவளுக்கு இப்போது அடக்கமுடியாத கோபம். அழுகைகூட அதைத் தாண்டி வரமாட்டேன் என்றது. போன சனிக்கிழமை அவள் எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பியிருந்தாள்: திங்கட்கிழமை புயல், மையம் மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுங்கள். எல்லாரும் வந்தார்கள், அவர் வரவில்லை. அன்று லினெட்டுக்கு விடுமுறை. காலி நாற்காலியைப் பார்த்த தலைமை நர்ஸ் ஜோலீன், மனிதர் புயலுக்குப் பயந்து மகள் வீட்டில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். மகளோ, அப்பா வந்து போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலமே காற்று எழும்பி ஏரிக்கரை ரோட்டை மூடிவிட்டது. போன் லைனும் போயிற்று. பனி தள்ளும் வண்டிக்காரன் உள்ளே போய்ப் பார்த்தபோது, அவர் வீட்டு நீராவிக் குளியலறையான சௌனாவின் முன்னறை பெஞ்சில் தோளில் துண்டோடு சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தட்டு. அதில் வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்குத் தோலும் ஆரஞ்சுத் தோலும்.

சனிக்கிழமை ராத்திரி போனில் அவள் கேட்டதும் அவர் சொன்னதும் ஓயாமல் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, மெசேஜ் வந்துச்சா?"

"வந்துச்சும்மா. நல்லா எழுதியிருந்தே. தேங்க்ஸ்."

புயல் அறிவிப்புக்குப் போய் யாராவது தேங்க்ஸ் சொல்வார்களா? அப்போதே உறுத்தியது. ஆனால் கிழவருக்குக் குரல் அவ்வளவு தெளிவாக இருந்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்த சந்தோஷத்தில் விட்டுவிட்டாள். தெரிந்தேதான் வராமல் இருந்திருக்கிறார், தெரிந்தேதான் தின்றிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பதுதான் அவளை அறுத்தது.

ஜோலீன் காபிக் கோப்பையோடு சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"லின், இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். என்னை நாலு திட்டு வேணாலும் திட்டிக்கோ."

"என்ன, சொல்லு."

"இன்னொண்ணு வருதாம். போன வாரத்துத விட மோசம்னு ரேடியோல சொல்றான். நாளன்னிக்கு முறை உள்ளவங்க எல்லாத்தையும் நாளைக்கே வரச் சொல்லணும். அந்தப் புதுப் பொண்ணுக்கு அனுப்பத் தெரியல. ஸ்டாஃபுக்குப் போக வேண்டியத நோயாளிகளுக்கு அனுப்பிட்டா."

"என்னத்த அனுப்பினா?"

"ஆளுக்கு ஒரு டோனட் ஃப்ரிட்ஜ்ல இருக்குன்னு."

லினெட்டுக்குச் சிரிப்பு வந்தது. "ருடிகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்து அனுப்பறேன்" என்றாள்.

சமையலறையின் சின்ன ஜன்னல் தரைமட்டத்துக்கு மேலே அரையடி உயரம்தான். அது வழியாக வானம் தெரியவில்லை. நிறுத்தியிருந்த கார்களின் சக்கரங்களுக்கு நடுவே பனித்தூள் ஊர்ந்துகொண்டிருந்தது.

ருடி ஜுபான்ச்சிச் ஓரத்து மேசையில், தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மையத்தில் அப்பாவின் நாற்காலிக்கு அடுத்த நாற்காலி அவருடையது. இரண்டு பேரும் கையில் ஊசியோடு மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். மீன் பிடிப்பதில் யார் பொய்யர் என்பதுதான் பெரும்பாலும் சண்டை.

"உக்காரு பொண்ணே" என்றார் ருடி. "ரேனோவோட நாற்காலில நேத்து ஒரு புது ஆளப் போட்டுட்டாங்க. ஊமக் கொட்டான். மீனப் பத்திக் கேட்டா கோல்ஃபுங்கறான்."

"அவரு ஞாயித்துக்கிழமை வரலன்னதும் நீங்களாவது எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம், ருடி." குரலில் கோபம் வந்துவிட்டதை அவளால் மறைக்க முடியவில்லை.

ருடி அவளை விநோதமாகப் பார்த்தார். "எதுக்கு? நீதான் சரின்னுட்டியே."

"எதுக்குச் சரின்னேன்?"

"நிறுத்திக்கறதுக்கு."

மேசையின் அந்தக் கோடியில் யாரோ சிரித்தார்கள். லினெட் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நெருங்கினாள்.

"ருடி, நான் அப்படி எதுவுமே சொல்லல."

"வாயால சொல்லல. மெசேஜ்ல சொன்ன. வெள்ளிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் மெஷின்ல கெடக்கறோம். நீ வழக்கமா அனுப்பறது வந்துச்சு. எல்லார் போனும் ஒண்ணாக் கத்திச்சு. வர்றதா இருந்தா யெஸ், நிறுத்த விரும்பினா ஸ்டாப். நான் யெஸ் போட்டேன். அவன் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் ஒத்தை விரலால ஸ்டாப்னு அடிச்சான்."

"அது..." என்று ஆரம்பித்தாள் லினெட்.

"உடனே பதில் வந்துச்சே! அத எங்கிட்ட காட்டினான். கண்ணு ரெண்டும் கலங்கிப்போச்சு அவனுக்கு. பாருடா ருடி, எம்பொண்ணு ஒத்துக்கிட்டான்னான்."

அந்தப் பதில் லினெட்டுக்கு மனப்பாடம். 'சரி. உங்கள் விருப்பப்படியே நிறுத்திவிட்டோம். இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம். நலமாக இருங்கள்.' மெசேஜ் கம்பெனி முதலில் கொடுத்திருந்த வாசகம் முகத்தில் அடித்ததுபோல இருந்தது. வயசானவர்கள் சங்கடப்படுவார்களே என்று அவளே உட்கார்ந்து அன்பாக மாற்றி எழுதியது இது. எழுதிவிட்டு அப்பாவிடம் படித்துக்காட்டக்கூட நினைத்தாள், மறந்துவிட்டாள். ஸ்டாப் என்று அடித்தால் கம்ப்யூட்டர் தானாகவே அதை அனுப்பிவிட்டு, அந்த எண்ணுக்கு அடுத்து எந்த மெசேஜும் போகாமல் அடைத்துவிடும். நிற்பது மெசேஜ் மட்டும்தான்.

முன்பெல்லாம் 'இந்த மெசேஜ்களை நிறுத்த விரும்பினால்' என்றுதான் இருந்தது. நீளம் கூடினால் மெசேஜ் இரண்டாக உடைந்துபோகிறது, பின்பாதி முதலில் வந்து நோயாளிகள் குழம்புகிறார்கள் என்று இரண்டு வார்த்தைகளை வெட்டியதும் அவள்தான். அது மிச்சப்படுத்திய இடத்தில் 'பார்த்து வாருங்கள்' என்று சேர்த்திருந்தாள்.

அப்படியானால் புயல் மெசேஜ் அவருக்குப் போகவே இல்லை. வந்துச்சும்மா, நல்லா எழுதியிருந்தே என்று அவர் சொன்னது எதை என்று இப்போது புரிந்தது.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு எங்கிட்ட கேட்டாரு" என்றாள் லினெட். யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொன்னாள். "போதும்போல இருக்கும்மான்னாரு. நான் பாத்திரத்தக் கழுவிக்கிட்டே, இந்தப் பேச்சையெல்லாம் எங்கிட்ட எடுக்காத, சொல்றதா இருந்தா சென்டர்ல சொல்லுன்னுட்டேன்."

"அதான் சென்டர்ல சொல்லிட்டான்" என்றார் ருடி.

அவர் குத்திக்காட்டவில்லை. நண்பனின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சுகிற மாதிரிதான் சொன்னார். பிறகு ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து, தின்னாமல் தட்டிலேயே வைத்தார். "நிம்மதியாத்தான் போனான், பொண்ணே. அன்னிக்கு வீட்டுக்குக் கெளம்பறப்போ விசிலடிச்சுக்கிட்டே போனான். ரேனோ விசிலடிச்சு நான் கேட்டதே இல்ல."

அந்த விசிலை நினைத்துச் சந்தோஷப்படுவதா, தலையைச் சுவரில் முட்டிக்கொள்வதா? சொல்லிவிட வேண்டும் என்று துடித்தது. நான் சரி என்று சொல்லவே இல்லை, அது கம்ப்யூட்டர் அனுப்பியது, யார் அடித்தாலும் அதுவே வரும் என்று இந்த மனிதரிடமாவது சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தாள்.

"எனக்கும் வீட்ல யாருமில்ல கேக்கறதுக்கு" என்றார் ருடி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. "நீ நல்லாத்தான் எழுதற."

லினெட்டின் கண் மேசைமேல் இருந்த அவருடைய போனுக்குப் போயிற்று.

சமையலறை வாசலில் ஜோலீன் நின்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். "லின்! ரோட்டு டிபார்ட்மெண்ட்காரன் வழிய மூடறதுக்குள்ள போகணும் அது. பாதிப் பேரு இங்கேயே இருக்காங்க, மிச்சப் பேரு?"

லினெட் எழுந்து தன் போனை எடுத்தாள். புயல் வருகிறது, நாளைக்கே வாருங்கள் என்று இரண்டு வரி அடித்தாள். 'நிறுத்த விரும்பினால்' என்ற அடிவரியை மாற்ற முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. அது ஆபீஸ் கம்ப்யூட்டரில் பூட்டிக் கிடக்கிறது. எந்த மெசேஜ் போனாலும் தானாக வந்து வாலில் ஒட்டிக்கொள்ளும். அனுப்பாமல் இருந்தால் நாளைக்கு இன்னும் எத்தனை நாற்காலி காலியாக இருக்குமோ.

"ஜோலீன், அடிவரில ஒரு தப்பு இருக்கு."

"தப்பு இருந்தா இருக்கட்டும்டி, அனுப்பு!"

அனுப்பினாள்.

ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு கூடம் முழுக்க ஒரே சமயத்தில் கிணுகிணுத்தது. கோட்டுப் பைகளிலும் கைப்பைகளிலும் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்திலும் போன்கள் அதிர்ந்தன. பேச்சு அப்படியே நின்றது. பாதிரியார்கூடத் தன் பையைத் தடவிப் பார்த்தார். எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

சமையலறையில், காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், முழுச் சார்ஜோடு அப்பாவின் போன் மட்டும் சும்மா கிடந்தது.

ருடி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, உதடு அசைய மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் உதடு நின்றது. கட்டைவிரல் எழுத்துகளுக்கு மேலே போய் நின்றது.

"நான் என்ன போடட்டும், பொண்ணே?"

லினெட் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சட்டைக் கைக்குள்ளே, ஊசி குத்திக் குத்திப் புடைத்த அவருடைய இடது முழங்கைக்குக் கீழே கையை வைத்தாள். டயாலிசிஸுக்காக மருத்துவர்கள் ஒட்டுப் போட்டு வைத்த அந்த ரத்தக்குழாய் அப்பாவுக்கும் அதே இடத்தில்தான் இருந்தது. அதற்குள் ரத்தம் ஓடுகிற அதிர்வு வெளியே தொட்டாலே தெரியும். அவள் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, வண்டி ஓடுது பாத்தியா என்பார் அப்பா.

உள்ளங்கைக்கு அடியில் அது நிற்காமல் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியே காற்று சத்தம் போட ஆரம்பித்தது. அவள் கையை எடுக்கவில்லை. ருடியும் விரலை எடுக்கவில்லை.