தாய்மாமன் வைத்த லிங்க்

கம்பம் டவுனில் வெப்சைட் போட்டுக் கொடுக்கிறவர்களில் நான்தான் முதல் ஆள். வேறு யாரும் என் கண்ணில் படாததால், கடைசி ஆளும் நான்தான். சோறு போடுவது ஜெராக்ஸ் மிஷின். வெப்சைட் கௌரவத்துக்கு.

சுருளிப்பட்டி மாரீஸ்வரி தன் திராட்சைத் தோட்டத்துக்குள் இரண்டு அறை கட்டி, அருவி பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அதற்கு முன்னால் விடியுமுன்னே ஜீப் ஏறி, கேரளாவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவள்.

"கோட லீவுக்கு ரூமு நெறையலேன்னா மறுபடி ஜீப்புதாண்ணே" என்றாள்.

அந்த ஜீப்பில் ஆட்களை எப்படி அடுக்குவார்கள் என்று பார்த்தவன் நான். மனசு இளகி, தேடினால் முதல் பக்கத்தில் வரவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வெப்சைட்டோ நாலாம் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"மத்த வெப்சைட்டுக்காரங்க அவங்க பக்கத்துல நம்ம லிங்க்க வைக்கணும்மா. நாலு பேரு கைகாட்டுனாத்தான் கூகுள்ல மதிப்பு. ஊர் சுத்தி எழுதுறவங்க, பத்திரிகைக்காரங்கன்னு ஒவ்வொருத்தரா கேக்கணும். நாளாகும்."

"அந்நியத்துல போயி எதுக்குண்ணே கேக்கணும்? நம்ம சொந்தபந்தம் எதுக்கு இருக்காக?"

அவள் சொந்தத்தில் வெப்சைட் வைத்திருந்த அத்தனை பேருக்கும் போட்டுக் கொடுத்தவன் நான்தான். ஆட்டுப்பண்ணை, போர்வெல், பந்தல் காண்டிராக்ட். எல்லாம் ஒரே அச்சு, நிறம் மட்டும் வேறு. ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து, "மாரீஸ்வரிக்கு ஒரு லிங்க் செய்யணும்" என்றார்கள். கல்யாண வீட்டில் மொய் செய்கிற அதே குரல். செய்ததைத் திருப்பிச் செய்ய வேண்டுமே, அதனால் மாரீஸ்வரி தன் பக்கத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் பெரிய எழுத்தில் பதில் லிங்க் வைத்தாள். தேவாரம் ஊரில் ஹாலோ பிளாக் போடும் அவள் அண்ணன் பொன்னுராஜ், அவள் மகளுக்குத் தாய்மாமன் என்ற முறைக்கு மின்னி மின்னி மறைகிற எழுத்தில் வைக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'சுருளி அருவி அருகே தங்கும் அறை.' நான் தடுத்திருக்க வேண்டும். வந்தவர்களுக்கு டீ சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹாலோ பிளாக்குக்கும் தங்கும் அறைக்கும் என்ன உறவு என்று தேடுபொறிக்கு யார் எடுத்துச் சொல்வது? கூடிப் பேசி வைத்த லிங்க் என்று கண்டுகொண்டு, நாலாம் பக்கத்திலிருந்தும் தள்ளிவிட்டது. வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு போனும் நின்றது.

லிங்க்குகளை எடுத்தால் கோடைக்குள் மேலே வர வாய்ப்பிருந்தது. பாஸ்வேர்டெல்லாம் என்னிடம். யாரிடமும் மூச்சுவிடாமல் ஒரு காலையில் பொன்னுராஜ் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் வெப்சைட்டை உலகத்தில் ஒருத்தரும் பார்ப்பதில்லை என்ற தைரியம். அவரே தினமும் பார்ப்பார் என்பது தோன்றவில்லை. மத்தியானமே புல்லட்டில் வந்து இறங்கினார்.

"ஏலே சூரியா, யாரு எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலண்ணே. கூகுளுக்கு இந்த மாதிரி வச்சா ஆகாது."

"கூகுளு எனக்கு என்ன சம்பந்தகாரனா? தங்கச்சிக்குச் செஞ்சத எடுத்தா, வேணாம்னு மூஞ்சில எறிஞ்ச மாதிரிதான? ஞாயித்துக்கெழம கயலுக்குக் காதுகுத்து. யாரு மடியில வச்சுக் குத்துறாகன்னு பாக்குறேன்."

கயல் மாரீஸ்வரியின் மகள். தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் பக்கம் காது குத்துவதில்லை.

அவரைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, வெளியே வந்து மாரீஸ்வரிக்குப் போன் போட்டேன். எடுத்தால் அறை நிறையலாம், எடுக்காவிட்டால் இந்தக் கோடை போச்சு என்று சொன்னேன். மறுமுனையில் திராட்சைக்கு மருந்தடிக்கிற மிஷினை நிறுத்தினாள்.

"அண்ணன் அங்கனதான் இருக்காகளா?"

"இருக்காக."

"திருப்பி வச்சிருங்கண்ணே. அவுகள எடுத்தா எல்லாரையும் எடுக்கணும். அப்புறம் எந்த மொகத்தோட அவுக வீட்டு விசேசத்துக்குப் போறது?"

"அப்ப ரூமு?"

"புள்ளைக்குக் காது ஒருக்காத்தானண்ணே குத்துவாக."

லிங்க்கைத் திருப்பி வைத்தேன். பொன்னுராஜ் என் தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னுங் கொஞ்சம் பெருசா" என்றார். அதையும் செய்தேன்.

காதுகுத்தில் கயலைவிட அதிகம் அழுதவர் பொன்னுராஜ்தான். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தங்கச்சி ரூமுக்கு ஆளு வருதா? நம்ம லிங்க்கு வேல செய்யுதுல்ல?" என்று கேட்டார். கண் இன்னும் சிவந்திருந்தது. "செய்யுதுண்ணே" என்று இலையைப் பார்த்துச் சொன்னேன்.

சித்திரை பிறந்து ஒரு விடியற்காலையில், கேரளா போகிற கம்பம்மெட்டு ரோட்டு டீக்கடையில் நின்றிருந்தேன். ஜீப் ஒன்று வந்து நின்றது. பின்பக்க நெரிசலில் தூக்குவாளியை மடியில் வைத்தபடி மாரீஸ்வரி. ஒட்டி நசுங்கி உட்கார்ந்திருந்தவள் அவள் சின்னம்மா சோணையம்மாள், ஆட்டுப்பண்ணைக்காரனின் தாய்.

"என்னண்ணே, இப்ப எத்தனாவது பக்கத்துல இருக்கோம்?" என்றாள் மாரீஸ்வரி.

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னம்மா தலையை நீட்டினாள்.

"தம்பி, எங்க ஆட்டுப்பண்ண லிங்க்கும் அவளுக்கு இருக்குல்ல? எடுத்துப்புடலயே?"

வேறெதுவும் சொல்ல வேண்டாம் என்பதுபோல் மாரீஸ்வரி என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினாள்.

"இருக்கு சின்னம்மா, பத்திரமா இருக்கு" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சின்னம்மா நிம்மதியாகச் சாய்ந்துகொள்ள, ஜீப் மலைப் பக்கம் கிளம்பியது.