மூத்தவளின் அத்தாட்சிப் பத்திரம்

பதுளை பஸார் வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே எனக்கொரு சின்ன அறை. வாசலில் 'ஸவாஹிரா, சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர்' என்று பலகை தொங்குகிறது. பிறப்பு, விவாகம், மரணம் மூன்றையும் இங்கிலீஷுக்கு மாற்றி முத்திரை குத்துவது என் தொழில். பதினேழு வருஷமாக மனிதர்களைக் காகிதத்தில்தான் பார்த்து வருகிறேன். முன்னால் உட்கார்ந்து யாராவது அழுதால் எனக்கு எரிச்சல்தான் வரும். மூலப்பிரதியில் கண்ணீர் சொட்டி மை கலைந்தால், இன்னொரு பிரதிக்காகப் பிரதேச செயலகத்தில் கால்கடுக்க நிற்கப் போவது அவர்கள்தானே.

கலாராணி அழுகிற ரகம் இல்லை. கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள். புருஷன் ரஜீவ், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இத்தாலிக்குப் போனவன். ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவத் தொடங்கி, ஒன்பது வருஷத்தில் சமையல்காரனாகி, வதிவிட அனுமதியும் வாங்கிவிட்டான். மகள் டிலுக்சிக்கு எட்டு வயது. அப்பாவைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

குடும்பத்தைக் கூப்பிட வேண்டுமென்றால் வீடு இத்தனை சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம். அந்தச் சட்டம் லயத்து ஒற்றை அறைக் காம்பராக்களுக்கும் இருந்திருந்தால் மலையகத்தில் ஒரு குடும்பம்கூட சேர்ந்து வாழ்ந்திருக்க முடியாது. ரஜீவ் அதற்காக இரண்டு தடவை வீடு மாறினான். கடைசியில் அனுமதிக் கடிதம் வந்தது. அது ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் இவள் கொழும்பில் தூதரகத்துக்குப் போய் விசாவுக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் அவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். என்னிடம் அவள் வந்தபோது இரண்டு மாதம் போயிருந்தது.

என்னென்ன தேவை என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மாரிசாமி, தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டி ஓய்வெடுத்துவிட்ட மனிதர். மனைவி இராக்கம்மா காலமாகி நாலு வருஷம். தோளில் ஒரு பெரிய உரப்பை. அதை என் மேசைமேல் கவிழ்த்தார். காகிதம், காகிதம், ஒரே காகிதம்.

"நான் கேட்டது அஞ்சு பத்திரம் ஐயா. இதெல்லாம் என்னத்துக்கு?" என்றேன்.

"ஒரே ஒரு காயிதம் கொறஞ்சிச்சுன்னு எங்கப்பன இருவது வருசம் எந்த நாட்டாளும் இல்லாம வச்சிருந்தாங்க மிஸ். ஆபீசுன்னு போனா இருக்கறத பூராம் காட்டிப்புடணும். எதயும் ஒளிக்கக் கூடாதுங்க."

அந்தப் பயத்தை நான் அறிவேன். தோட்டத்து வீடுகளில் பானை இல்லாமல் இருக்கும், பழைய காகிதம் இல்லாமல் இருக்காது. பிரஜாவுரிமை மறுத்த கடிதம், பிரஜாவுரிமை கொடுத்த கடிதம், பிள்ளைக்கு ஊசி போட்ட அட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளி வைத்தேன். நடுவில் சிங்களத்தில் ஒரு மரண அத்தாட்சிப் பத்திரம். இறந்தவர் பெயர் மாரிசாமி கலாராணி. தந்தை மாரிசாமி. தாய் இராக்கம்மா. வயது ஒரு வருஷமும் எட்டு மாதமும். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.

கலாராணியின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எண்பத்தெட்டாம் ஆண்டு. இரண்டும் ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளை செத்து முப்பத்து நாலு வருஷம். இங்கே என் முன்னால் அது உயிரோடு உட்கார்ந்து போனைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"இது யாரு ஐயா?"

"அது மூத்ததுங்க மிஸ்." வெகு சாதாரணமாகச் சொன்னார்.

கலாராணி நிமிர்ந்தாள். "எந்த மூத்ததுப்பா?"

அவளுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அதனால் பத்திரத்தில் இருந்ததை நானே வாசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில போயிருச்சு. அடுத்த வருசம் நீ பொறந்த. போன புள்ளயே திரும்பி வந்திருச்சுன்னு ஒங்கம்மா அந்தப் பேரையே வச்சா. பதியப் போனா ஒரு நாளு பேரு போயிரும், சம்பளம் கெடைக்காது. வீட்டுல பொறப்பு அத்தாச்சி ஒன்னு சும்மா கெடந்திச்சு. அதே பேரு, அதே அப்பன் ஆத்தா. இன்னொன்னு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அப்ப எனக்கு என்னா வயசுப்பா?"

"முப்பத்திரெண்டு."

"அடையாள அட்டையில முப்பத்தஞ்சு போட்டிருக்கு." அட்டையை எடுத்து மேசைமேல் போட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "எட்டு வயசுல ஒன்னாம் வகுப்புக்கு வந்திருக்கு, மக்குன்னு டீச்சர் சொல்லுவாங்க மிஸ். புருஷனுக்கு மூத்தவன்னு மாமியார் பத்து வருசமா குத்திக் காட்டுது. பள்ளிக்கூடத்துக்கு அஞ்சு வயசுலதான் போயிருக்கேன். அவருக்கு எளையவதான் நான்."

எனக்கு மாரிசாமியை உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் காலம் கடந்த கோபத்தால் யாருக்கு லாபம்? நிலைமையைச் சொன்னேன். முறைப்படி செய்வதென்றால் இவள் பிறப்பைப் புதிதாகப் பதிய வேண்டும். பிறகு அடையாள அட்டை, பாஸ்போர்ட், விவாகப் பதிவு, டிலுக்சியின் பத்திரம் எல்லாம் மாற வேண்டும். இரண்டு வருஷமாவது பிடிக்கும். ரஜீவின் அனுமதிக்கு மிச்சம் நாலு மாதம்.

"இல்லாட்டி?" என்று கேட்டாள் கலாராணி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்லிக் கொடுப்பது என் தொழில் அல்ல. இருந்தும் சொன்னேன். "இந்தப் பேப்பர் ஒன்னுதான் காட்டிக் குடுக்கும். இதக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க ஐயா."

"அது ஏலாதுங்க மிஸ்." முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "பேரு இவளுக்குப் போயிருச்சு. பொறப்பு அத்தாச்சியும் போயிருச்சு. அது போட்ட சட்டையக்கூட இவதான் போட்டா. அவளுக்குன்னு இருக்கறது இது ஒன்னுதான்."

என் இளக்கத்தைக் காட்டிக்கொள்ளாமலிருக்கச் சத்தம் போட்டேன். அவர் அசையவில்லை. கலாராணிதான் அந்தப் பத்திரத்தை எடுத்து நாலாக மடித்து அவர் சட்டைப் பைக்குள் வைத்தாள். "எரிக்க வேணாம்ப்பா. வீட்டுல வைங்க. பைலுல மட்டும் வச்சிறாதீங்க."

பிறகு என்னைப் பார்த்தாள். "தூதரகத்துல கூடப்பொறந்தவங்க இருக்காங்களான்னு கேப்பாங்களாமே. செத்தவங்களயும் கேப்பாங்களாம். என்னா மிஸ் சொல்றது?"

"இல்லன்னு சொல்லுங்க."

அன்று மாலையே ஐந்து பத்திரத்தையும் முடித்து முத்திரை குத்தினேன். என் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. பத்திரத்தில் பிறந்தவள் வேறொருத்தி, அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் கையெழுத்தும் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை கலாராணி வந்தாள். கையில் இரண்டு பாஸ்போர்ட், ஒரு பெட்டி பூந்தி லட்டு. விசா கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பயணம். மாமியாரிடம் வயசு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாமா என்று ஆசையாக இருக்கிறதாம். விமானம் ஏறும்வரை வாயைத் திறக்காதே என்றேன். சிரித்தாள். பிறகு கதிரையில் உட்கார்ந்தாள்.

"கேட்டாங்க மிஸ். அம்மா அப்பா பேரெல்லாம் கேட்டு முடிச்சிட்டு, கூடப்பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா, இருந்து செத்தாங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அந்தம்மா எழுதிக்கிட்டாங்க. அம்புட்டுத்தான்."

"ஐயா உள்ளுக்கு வந்தாரா?"

"விடல. வெளிய மதில் ஓரமா நின்னாரு. நான் வந்ததும் விசா கெடைக்குமான்னு கேக்கல மிஸ். 'அவளப் பத்திக் கேட்டாங்களா'ன்னாரு. கேட்டாங்கன்னேன். 'நீ என்னா சொன்ன?'ன்னாரு. அப்புடி யாரும் இல்லன்னுட்டேன்ப்பான்னு சொன்னேன்."

"ஏசினாரா?"

"இல்ல. என் கையப் புடிச்சுக்கிட்டாரு. 'எத்தன புள்ளன்னு யாரு கேட்டாலும் நானும் ஒன்னுன்னுதான் சொல்லிக்கிட்டு வாறேன். மொதல்ல சொன்ன அன்னிக்கு ஒங்கம்மா சோறு திங்கல. மொத தடவதான் கஷ்டம் புள்ள, பொறகு பழகிரும்'னாரு."